ஏரி தாண்டிய வண்டி

எங்கள் சித்தப்பாவின் வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது. திண்டிவனத்தில் விவரம் தெரிந்த ஒருவரிடம் அதைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, "இது வண்டியா, படகா?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். இரண்டும்தான் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். "அப்ப ரெண்டுலயும் சேராது. உங்க ஏரியில உங்க பாட்டுக்கு ஓட்டிக்கினு இருங்க" என்று அனுப்பிவிட்டார் அவர். அந்த வண்டி போகவேண்டிய இடமும் அவ்வளவுதான். சித்தப்பா வீட்டுக் கொட்டகையிலிருந்து ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலம். ஒரு சைக்கிள் பையன் இருபது நிமிடத்தில் சுற்றி வந்துவிடுகிற தூரத்துக்காக ஒரு மனுஷன் பதினான்கு மாதம் உழைத்தார் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் ஊரும் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. பாட்டுப் போட்டியிலும் ஓட்டப் பந்தயத்திலும் நான் ஒன்றுக்கும் உதவாதவள். ஆனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் உப்பு உறைப்போடு சொல்வேன். அந்தத் திறமைக்கு அந்த வருஷம்தான் வேலை கிடைத்தது.

சித்தப்பாவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. இடுப்புவரை இரும்புப் பட்டை, அக்குளில் இரண்டு கட்டைகள். அதற்கெல்லாம் சேர்த்துக் கைகளில் வலு. திண்டிவனத்தில் ஆட்டோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போய் வருவார். என் அப்பா அவருக்கு ஆறு வயது மூத்தவர், முழுநேர விவசாயி. தாத்தா நிலம் இருவருக்கும் சரிபாதியாகப் பிரிந்து, பட்டாவும் தனித்தனியாக வந்துவிட்டது. ஆனால் இரண்டு பங்கையும் உழுதது, விதைத்தது, அறுத்தது எல்லாம் அப்பாதான். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். ஒவ்வொரு அறுப்புக்கும் சித்தப்பா பங்கு மல்லாட்டை மூட்டைகள் முதலில் அவர் வீட்டில் இறங்கும், அப்புறம்தான் எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு படி குறைந்ததில்லை.

குறை அங்கே இல்லை. "நெலம் எம்பேர்ல இருக்குது. நான் அதுல நின்னு ஒரு வெத போட்டதில்ல" என்று சித்தப்பா அடிக்கடி சொல்வார். சித்தியின் கணக்கில் அது வேறு மாதிரி: "மாமா ஒண்ணும் கொற வெக்கல. இவருக்குத்தான் தொண்டையில எறங்க மாட்டேங்குது."

நிலம் இருந்தது ஏரிக்கு அக்கரையில். எங்கள் பக்கம் கார்த்திகைப் பட்டத்தில்தான் மல்லாட்டை போடுவோம். ஏரி நிறைவதும் அதே சமயம்தான். கால் நன்றாக இருப்பவர்கள் கரைமேல் நடந்து சுற்றிப் போவார்கள். நடுவில் கலங்கல் என்று ஒன்று உண்டு, நிறைந்த ஏரியின் உபரித் தண்ணீர் வழிந்து ஓடும் கற்கட்டு. அங்கே முழங்கால் தண்ணீர், கல்லெல்லாம் பாசி. கட்டை ஊன்றினால் வழுக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போக அந்தக் கலங்கலை அப்பாதான் சித்தப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு தாண்டியிருக்கிறார், எட்டாவது வரைக்கும். சித்தப்பா நிலப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அப்பா அந்த நினைப்பிலேயே பதில் சொல்வார். "ஏண்டா, போவணும்னா சொல்லேன். தூக்கிக்கினு போறேன். எனக்கு முடியலன்னா ரெண்டு ஆள வெச்சித் தூக்கியாறச் சொல்றேன்." சித்தப்பா முகம் சுண்டிப்போகும். அப்பாவுக்கு ஏன் என்று புரியாது. எனக்கும் புரியவில்லை, தூக்கிக்கொண்டு போகிறேன் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் உடனே ஏறிக்கொள்வேன்.

ஒருநாள் சித்தப்பா செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். எந்த நாடோ, பனியிலும் சேற்றிலும் ஒரு வண்டி போகிறது. தொட்டி மாதிரி உடம்பு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு குண்டுச் சக்கரம். அப்படியே ஒரு குளத்தில் இறங்கி, சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே நீந்தி, அந்தப் பக்கம் ஏறிப் போகிறது. அவரைப் பிடித்து உலுக்கியது அது இல்லை. ஓட்டுகிறவன் காலை உபயோகிக்கவே இல்லை. ஸ்டியரிங்கும் இல்லை, பெடலும் இல்லை. கையில் இரண்டு லீவர். இடது லீவரைப் பிடித்தால் இடதுபக்கச் சக்கரங்கள் நிற்கும், வண்டி இடதுபக்கம் திரும்பும். அவ்வளவுதான். அந்த வீடியோவைச் சித்தப்பா எத்தனை தடவை பார்த்தார் என்று எண்ண முடியாது. சார்ஜ் போட்டுக்கொண்டே பார்த்தார்.

ஊரில் யோசனை சொல்ல ஆளா இல்லை. தெர்மாகோல் அட்டையில் தெப்பம் கட்டலாம் என்றார்கள். சித்தப்பா, "தண்ணியில போனா மட்டும் போதுமா? சேத்துல ஏறணும், முள்ளுல போவணும், வரப்பு தாண்டணும், வரும்போது மூட்டை ஏத்திக்கினு வரணும்" என்றார். அதற்குமேல் யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கண்டம் செய்த ஆட்டோ ஒன்றின் என்ஜினும் கியர்பாக்ஸும் அவர் கடையிலேயே கிடந்தன. செயினும் பேரிங்கும் விழுப்புரத்துக் காயலான் கடையில் பொறுக்கியவை. சக்கரங்களும் அங்கேதான் கிடைத்தன. சித்தியோடு நானும் மூன்று தடவை போய், ஆளுக்கொரு டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். ஒரு தடவை கண்டக்டர் டயருக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். சித்தி, மடியில் வைத்திருப்பதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது என்று திண்டிவனம் வரும்வரை வாதாடினார். கடைசியில் கண்டக்டர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

உடம்பு செய்தது சித்தி. அவர் குயிலாப்பாளையத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஒரு ஃபைபர் பட்டறையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவர். பாய் மாதிரி இருக்கிற கண்ணாடி இழையை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்தி, காய்ந்ததும் அடுத்த பாயை விரிக்கவேண்டும். புடவைமேல் சித்தப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சித்தி அதைச் செய்கிறபோது கொட்டகைக்குள் மூச்சு முட்டும் வாடை. நான் ஆர்வக்கோளாறில் அந்தத் தூசியில் புரண்டு, மூன்று நாள் உடம்பெல்லாம் அரித்து, தேங்காயெண்ணெயில் ஊறிக் கிடந்தேன். அம்மா திட்டித் தீர்த்தாள். நாலாம் நாள் மறுபடி போய்விட்டேன்.

போகாமல் எப்படி? எனக்கு வேலை இருந்ததே. சாயங்காலம் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, வேறெதையோ கேட்பதுபோல, "இன்னிக்கி இன்னா பண்ணாங்க உங்க சித்தப்பன் வூட்ல?" என்பார். நான் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். கூலி ஒரு மல்லாட்டை உருண்டை. மறுநாள் சித்தி தேநீரில் தோய்க்க ஒரு பன் கொடுத்து, "உங்கப்பா இன்னா சொன்னாரு?" என்பார். அதையும் ஒப்பிப்பேன். இரண்டு நாட்டுக்கும் உளவு பார்த்து இரண்டு பக்கமும் தின்றுகொண்டிருந்த என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க அவர்கள் கண்டுபிடித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியைத் தண்ணீரில் இறக்கவில்லை. தண்ணீரை வண்டிக்குள் இறக்கினார்கள். கட்டைகளின்மேல் தூக்கிவைத்து, மோட்டார் குழாயைப் போட்டு வழிய வழிய நிரப்பி, கீழே எங்கெங்கே சொட்டுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போடுவது. சக்கர அச்சுகள் வெளியே வருகிற ஆறு துளைகளும் முதல் தடவை சல்லடைதான். தெருப்பிள்ளைகள் எல்லோரும் உள்ளே குதித்துக் குளித்தோம். சித்தப்பா கீழே படுத்தபடி எங்கள் கூத்தையெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு வட்டம் போட்டார். அப்புறம் டிராக்டருக்குப் போடுகிற ஆயில் சீலை வைத்து, கிரீஸ் அடைத்து, மறுபடி நிரப்பி, மறுபடி வட்டம். ஐந்தாவது தடவை கீழே ஒரு சொட்டு இல்லை. சித்தி அந்தக் காய்ந்த தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

தொட்டியின் அடியில் வேண்டுமென்றே ஒரு துளை வைத்திருந்தார்கள். வண்டியைக் கழுவினால் அந்தத் தண்ணீர் வெளியே போகவேண்டுமல்லவா. அதை மூட பித்தளையில் கடைந்த ஒரு டிரெய்ன் போல்ட். தண்ணீரில் இறங்குமுன் அது முறுக்கியிருக்கிறதா என்று பார்ப்பது சித்தப்பாவின் சட்டம்.

ஐப்பசி மழையில் ஏரியின் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீர் சேர்ந்ததும் முதல் ஓட்டம். வண்டி மிதந்தது. ஆனால் நேராகப் போகவில்லை. செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. வேடிக்கை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஓடோடிப்போய் அப்பாவிடம், "சுத்திக்கினே இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்புக்குக் காத்திருந்தேன். அப்பா சிரிக்கவில்லை. "எந்தப் பக்கமா சுத்துது?" என்றார். இடதுபக்கம் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தேய்த்தார். "எடது பிரேக்கு உடாம புடிச்சிக்கினு இருக்கும். டிராக்டர்ல எனக்கு இப்படி ஆயிருக்குது" என்று மாட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார். மறுநாள் பன்னுக்காக நான் அதையும் சித்தியிடம் விற்றுவிட்டேன். சித்தப்பா இடது பிரேக்கைக் கழற்றிப் பார்த்து, அண்ணன் சொன்னது சரி என்றோ தவறு என்றோ சொல்லாமல், எனக்கு இன்னொரு பன் கொடுக்கச் சொன்னார். அடுத்த ஓட்டத்தில் வண்டி நேராகப் போயிற்று. அப்பாவின் ரகசியத்தை எதிரிக்குக் கொடுத்துவிட்டோமே என்று எனக்கு இரண்டு நாள் உறுத்தலாக இருந்தது.

கார்த்திகை பிறந்து ஏரி நிறைந்தது. அப்பா ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "நீ தனியாப் போ, தனியாத் திரும்பி வா. ஒருத்தன் கைய நீ புடிக்கக் கூடாது, ஒருத்தன் உன்னைப் புடிக்கக் கூடாது. வந்துட்டேன்னா இந்தப் பட்டத்துல இருந்து உன் பங்க நீயே போட்டுக்கோ. வரலன்னா இந்தப் பேச்ச இதோட வுட்டுடணும்" என்றார். இவ்வளவு கறாராக அப்பா யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பா, "சரிண்ணே" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு. பந்தயம் வைத்து மிரட்டுகிறவரைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

நாள் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. அங்கேதான் என் அம்மா நுழைந்தாள். கழுவாத வண்டிக்குச் சூடம் காட்டுவதா என்று விடிந்ததும் குடம் குடமாக ஊற்றித் தொட்டியைத் தேய்த்தாள். உள்ளே தேங்கிய தண்ணீர் போக அடி போல்ட்டைக் கழற்றினாள். பளபளவென்று பித்தளை; தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்று பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊரில் ஒரு தும்மலைக்கூட விடாமல் சேதி சொல்கிற நான் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு யாரும் கூலி பேசவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே அமளி. சந்தனம், குங்குமம், முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு. சக்கரத்துக்கு ஒன்றாக ஆறு எலுமிச்சம்பழம் வைப்பதா, வழக்கப்படி நான்கு போதுமா என்று ஒரு தர்க்கம். பூசணிக்காய் உடைந்து, ஆள் ஆளுக்கு விபூதி வைத்து, நேரம் போகிறது ஏறு ஏறு என்று விரட்டியதில் சித்தப்பா அன்று ஒரே ஒருநாள் தன் சட்டத்தை மறந்தார். கட்டைகளை உள்ளே எறிந்துவிட்டுக் கைகளை ஊன்றி எகிறி உட்கார்ந்தார். பக்கத்தில் காற்றடித்த ஒரு டியூப். வண்டி சரிவில் இறங்கி, முன்பக்கம் ஒருமுறை முங்கி எழுந்து, தண்ணீரை அறைந்துகொண்டு நேராகப் போயிற்று. பிள்ளைகள் கரையோடு ஓடினோம்.

பாதி ஏரியில் என்ஜின் சத்தம் இறங்கியது. வண்டி நின்றது. சித்தப்பா குனிவது தெரிந்தது, அப்புறம் ஆளே தெரியவில்லை. வெறும் தொட்டி. அதன் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. சித்தி கண்ணை எடுக்காமல், "என் ரெசின்ல குத்தம் இருக்காது. தண்ணி அடியில இருந்து வருது" என்றார். அம்மாவின் கை தானாக முந்தானைக்குப் போனது. முடிச்சைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்ததை நான் பார்த்தேன். "போய் இழுத்துக்கினு வாங்களேன், நிக்கிறீங்களே" என்று அப்பாவைப் பார்த்துக் கதறினாள்.

அப்பா எப்போது சட்டையைக் கழற்றினார் என்று தெரியாது. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் அவரைவிட நன்றாக நீந்துகிறவர் இல்லை. ஐந்து நிமிடத்தில் வண்டியை எட்டிவிடுவார். ஆனால் அவர் நகரவில்லை. இரண்டு பையன்கள் லாரி டியூபோடு குதிக்கப் போனபோது திரும்பி, "எவனும் எறங்கக் கூடாது" என்று ஒரு அதட்டல் போட்டார். பையன்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

என் பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்: "நெலம் கைய வுட்டுப் போவுதில்ல, அதான் பாத்துக்கினு நிக்கிறான்." அப்பாவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் என்று நினைத்தேன்.

தொட்டிக்குள்ளிருந்து சித்தப்பாவின் தலை எழுந்தது. முதலில் அவர் பார்த்தது நாங்கள் இருந்த கரையை. அப்பா தண்ணீரில் நிற்பதைப் பார்த்திருக்கவேண்டும். கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினார், வராதே என்று. பிறகு ஒரு குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். என்ஜின் சத்தம் மறுபடி ஏறியது. திரும்பி வரப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வண்டி முன்னால் போயிற்று.

அக்கரைச் சேற்றில் சக்கரங்கள் சுற்றிச் சுற்றி வழுக்கின. சித்தப்பா பின்வாங்கி, இடது வலது என்று மாற்றி மாற்றி லீவரைப் பிடித்து, ஒரு மூச்சில் மேலே ஏற்றினார். எறும்பளவில் ஒரு ஆள் இறங்கி, கட்டைகளை ஊன்றி, நிலத்துக்குள் நடந்தது தெரிந்தது. அப்புறம் உட்கார்ந்தது தெரிந்தது. அரை மணி நேரம் அங்கே இருந்தார். என்ன செய்தார் என்று சித்தி பிற்பாடு சொன்னார். சட்டைப் பையில் ஒரு பிடி விதை மல்லாட்டை கொண்டுபோயிருக்கிறார். தரையில் உட்கார்ந்து, விரலால் குழி போட்டு, கைக்கு எட்டிய தூரம் வரைக்கும் ஒவ்வொன்றாக ஊன்றியிருக்கிறார்.

அந்த அரை மணியும் அப்பா தண்ணீரைவிட்டு ஏறவில்லை. வண்டி திரும்பி வந்து கரைக்கு நாலு முழம் இருக்கும்போதுதான் விலகி வழிவிட்டார். கை கொடுக்கவில்லை.

அடியில் பார்த்தால், துளையில் ஒரு எலுமிச்சம்பழம். திருஷ்டிக்குக் கட்டியிருந்ததைப் பிய்த்து, துண்டு முனையைச் சுற்றி, துளையில் அடைத்து, கட்டையின் முனையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போய்வந்திருக்கிறார். சாமிக்காகக் கழற்றியது போனாலும் சாமிக்காகக் கட்டியது காப்பாற்றியது என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து போல்ட்டை நீட்டினாள். அவளுக்கு அழுகைதான் வந்தது. சித்தப்பா அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டினார். "அண்ணி, அடுத்த வாட்டி முந்தானையில முடியாதீங்க, என் கையில குடுத்துடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள். பாதியில் திரும்பியிருக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, "திரும்பியிருந்தா தண்ணி மட்டுமா உள்ள வந்திருக்கும்? எங்கண்ணனும் வந்திருப்பாரு" என்றார்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, "இந்தப் பட்டத்துல இருந்து நீயே போட்டுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. அன்றைக்கே சித்தப்பா போல்ட்டையும் சாவியையும் ஒரே சங்கிலியில் கோத்துவிட்டார். நிறுத்தியிருக்கும்போது இரண்டும் ஆணியில் தொங்கும், சாவியை எடுத்தால் போல்ட்டும் கையோடு வந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செயினுக்கு எண்ணெய், மாதம் ஒருமுறை கிரீஸ், மழைக்கு முன்னால் ஆறு சீலும் புதிது. கருவேல முள் குத்தாத டயர் இல்லை. ஒரு வருஷம் எலி வயரையெல்லாம் தின்றது. தொட்டியில் விரிசல் கண்டால் சித்தி அந்தப் பழைய முழுக்கைச் சட்டையைத் தேடி எடுப்பார். அப்பாவுக்கு முட்டிவலி வந்த பிறகு அவரும் தன் பங்கைப் பார்க்க அதில்தான் போகிறார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "எடது பக்கம் இழுக்குது பாரு" என்று போகிறபோதும் வருகிறபோதும் குறை சொல்வார். ஊருக்குப் போகும்போதெல்லாம் கரையில் நின்று அதைப் பார்ப்பேன். இப்படி ஒரு வீட்டில் வந்து பிறந்தோமே என்று நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நெஞ்சு நிறையவில்லை. சாயங்காலம் அப்பாவைக் காணோம் என்று தேடிக்கொண்டு போனேன். வீட்டுக் கொல்லையில் கிணற்று மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், காலையில் நனைந்த அதே வேட்டியோடு குந்தியிருந்தார். அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கரையில் அந்த ஆள் சொன்னது உண்மைதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பாதி நிலம் போய்விட்டது, பந்தயத்தில் அப்பா தோற்றுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய மனுஷி மாதிரி அவர் முதுகைத் தடவினேன்.

"அழாதப்பா. அந்த வண்டி எத்தினி நாளைக்கு ஓடும்? சீக்கிரம் கெட்டுப்போயிடும். அப்புறம் நெலம் நமக்குத்தான்."

அப்பா திரும்பி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கெட்டுப்போனா இன்னா, அவனே சரி பண்ணிக்குவான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி கண் நிறைந்து வழிந்தது. சிரித்துக்கொண்டே அழுகிற மனுஷனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. துக்கம் முற்றிவிட்டது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டு வேண்டினேன்: சித்தப்பா வண்டி நாளைக்கே கெட்டுப்போகணும், அவரால் அதைச் சரி பண்ணவே முடியக்கூடாது, எங்கப்பா அவரைப் பழையபடி தூக்கிக்கொண்டு போகணும். என் அப்பாவுக்கு நல்லது கேட்கிறோம் என்றுதான் நினைத்துக் கேட்டேன். ஒரு சாமியும் காது கொடுக்கவில்லை. எந்தக் கோயிலுக்குப் போனாலும் அதற்குத்தான் முதலில் நன்றி சொல்கிறேன்.